மேஸ்திரி வீடு மாறிய ஞாயிற்றுக்கிழமை

எடை அளவு ஆய்வாளருக்கு அலுவலகப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது. கடைத்தெருவில் அவர் பெயர் ‘மில்லிகிராம்’. அவர் தெருமுனையில் திரும்புவதற்குள் அந்தப் பெயர் கடைசிக் கடைவரை ஓடிப் போய்ச் சேர்ந்துவிடும். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த மெழுகும் காந்தமும் அந்த இடைவெளியில் மாயமாகிவிடும்.

முப்பத்தொரு வருட சர்வீஸ். அவருடைய படிக்கற்கள் நீல வெல்வெட் பெட்டியில் தூங்கும். வெறுங்கையால் தொட மாட்டார். விரல் வியர்வைக்கும் எடை உண்டு என்பார். வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறி, தலைமை ஆய்வகத்தில் கற்களைச் சரிபார்த்துச் சான்றிதழ் வாங்கி வருவார். பிரசவத்துக்குத் தன்னை அழைத்துப்போனபோதுகூட மனிதர் அவ்வளவு பத்திரம் காட்டவில்லை என்பது மனைவியின் தரப்பு.

மனைவியின் தம்பி மளிகைக் கடை வைத்திருக்கிறான். ஆறு வருடத்துக்கு முன் அவன் தராசு கிலோவுக்கு எட்டு கிராம் குறைவாக நிறுத்தது. வழக்குப் போட்டார்.

“தெரியாம நடந்துபோச்சு மாமா.”

“தெரியாம இருக்கிறதுதான் மாப்ளே குத்தம்.”

அன்றிலிருந்து மச்சினன் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அக்காவோடு போனில் மட்டும் பேசுவான். மாமா எடுத்தால் வைத்துவிடுவான்.

இப்படி ஊரையே நிறுத்துப் பார்த்தவருக்கு ரத்த அழுத்தம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. தினமும் அரைமணி நேரம் மீன் தொட்டியைப் பாருங்கள், அழுத்தம் இறங்கும் என்றார் டாக்டர். சாதாரண மீனாக வளர்த்திருக்கலாம். ஆனால் உப்புத்தண்ணீர் மீனில்தான் அளக்க நிறைய இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நூறு லிட்டரில் ஒரு சின்னக் கடலை வரவேற்பறையில் வைத்துவிட்டார். சூடு, காரம், உப்பு எல்லாவற்றையும் அளந்தார். ரத்த அழுத்தத்தையும் அளந்தார். அது இறங்கவில்லை.

உப்பை அளக்க ஒரு பிளாஸ்டிக் டப்பி. தண்ணீரை மொண்டால் உள்ளே ஒரு முள் மிதந்து எழுந்து எண்ணைக் காட்டும். கடலின் கணக்கு முப்பத்தைந்து. அதாவது லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. நாலு வருடமும் அவர் முள்ளை முப்பத்தைந்திலேயே நிறுத்தி வைத்தார். ஒன்றுதான் உறுத்தியது. உப்பு பாக்கெட்டில் எழுதியிருக்கிறபடி போட்டால் முள் எகிறியது. கால் பங்கு குறைத்துப் போட்டால்தான் சரியாக நின்றது. சரக்கு வேகமாகத் தீரவேண்டும் என்று கம்பெனிக்காரன் தாராளமாக எழுதுகிறான் என முடிவுகட்டி, இரண்டு பக்கப் புகார்க் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

வளர்ப்பு மீன் கடை நடத்தும் அம்மாவிடமும் ஒருமுறை டப்பியை நீட்டினார். “உங்க தொட்டித் தண்ணி நாப்பத்துநாலு காட்டுது. உப்பு ஜாஸ்தி.”

“சரிங்க சார், குறைச்சிடறேன்” என்றார் அந்தம்மா. குறைக்கவில்லை. அரசாங்க ஆள் சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்பதுதானே வியாபாரத்தின் அரிச்சுவடி!

தொட்டிக்குப் பக்கத்தில் மனைவியின் தையல் மெஷின். அவள் நாலு பேருக்குத் தைத்துக் கொடுக்கிறவள். மெஷின் ஓட ஆரம்பித்தால் மஞ்சள் மீன் ஒன்று கண்ணாடியோரம் வந்து, ஒற்றைக் கண்ணால் தையலையே பார்த்துக்கொண்டு நிற்கும். அவள் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். “காஜா நேரா வந்திருக்கா மேஸ்திரி?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த துணியை எடுப்பாள். வாங்கும்போது நாணயம் அளவு இருந்த மீன், நாலு வருடத்தில் உள்ளங்கை அளவானது. பழைய தொட்டியில் திரும்பினால் வால் இடித்தது. மூலைக்கு மூலை போய் முட்டிக்கொண்டு நின்றது. அவள் தையல் பணத்தைச் சேர்த்து, முந்நூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தொட்டியை வாங்கிவிட்டாள்.

தொட்டி வந்த வாரம் அவருக்கு வெளியூர் ஆய்வு. வியாழக்கிழமை மனைவியே தண்ணீர் நிரப்பி, உப்பு கரைத்து, பம்பை ஓடவிட்டாள். அவர் சனிக்கிழமை வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஸ்டாண்டின் ஒரு காலுக்கடியில் அட்டைத் துண்டைச் சொருகினார், எடுத்தார், பாதியாகக் கிழித்துச் சொருகினார். உப்பை மட்டும் மீன் விடுகிற நேரத்தில்தான் அளப்பேன் என்றார். முத்திரை குத்துவதற்கு முந்தைய நிமிடம் எடுக்கிற அளவுதான் அளவாம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பழைய தொட்டி காலி. பாறைகள் எல்லாம் புதுத் தொட்டிக்குள் போய்விட்டன. மீன்கள் பழைய தண்ணீரோடு மூன்று வாளிகளில். மேஸ்திரிக்குத் தனி வாளி. பேட்டரி பம்பு குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியும் வாளித் தண்ணீர் மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. மேஸ்திரி வாளிக்குள் சுற்றிச் சுற்றி வருவதை மனைவி குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் டப்பியைப் புதுத் தொட்டியில் மொண்டார். நாற்பத்துநாலு.

“எவ்ளோ உப்பு போட்டே?”

“ரெண்டு பாக்கெட்டு.”

“முழுசாவா?”

“கண்ணளவுல போடறதுக்கு அது என்ன சமையலா? பாக்கெட்ல போட்டிருக்கறபடி போட்டேன். எனக்கும் படிக்கத் தெரியும்.”

“அவன் ஏமாத்தறான்னு நாலு வருஷமா சொல்லிட்டிருக்கேனே!”

“என்கிட்ட எங்க சொன்னீங்க? கம்பெனிக்கு எழுதினீங்க.”

பேட்டரி பம்பு ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. மீன் கடை அம்மாவுக்குப் போன் போட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கைப்பையும் கையுமாக வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு குட்டிக் குழலை எடுத்தார். அதன் சாய்ந்த கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் உள்ளே எண் தெரியும்.

“முப்பத்தஞ்சு. கச்சிதமா கலந்திருக்கீங்கம்மா.”

அவர் குழலை வாங்கித் தானே பார்த்தார். துடைத்து, வேறு சொட்டு விட்டுப் பார்த்தார். கண்ணை மாற்றிப் பார்த்தார். எந்தக் கண்ணுக்கும் அது முப்பத்தைந்துதான்.

“அப்ப... என் டப்பி?”

“அது பிளாஸ்டிக் முள்ளு சார். இவ்ளோ நாள் ஓடினதே பெருசு.”

வேறு யாராவது என்றால் கொஞ்சம் மழுப்பியிருப்பார்கள், இருமியாவது இருப்பார்கள். மில்லிகிராமுக்குத் தெரிந்தது ஒரே சட்டம். தப்பு தெரிந்த நொடியில் சரியான அளவு அமலுக்கு வந்துவிட வேண்டும். அவகாசம் என்ற பேச்சே கூடாது.

“தப்பு என்னோடது. இந்தத் தண்ணிதான் சரி” என்று நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டு, மேஸ்திரியை வலையில் அள்ளிப் புதுத் தொட்டியில் விட்டார். “கொஞ்சம் இருங்க!” என்று இரண்டு பெண்களும் கத்தியதும் மீன் வழுக்கி உள்ளே போனதும் ஒன்றாக நடந்தது.

அந்தம்மா குழலை வாளித் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

“இருபத்தாறு. ஐயோ சார், இந்த மீனு நாலு வருஷமா இருபத்தாறுலதான் இருந்திருக்கு. ஒரே தூக்கா முப்பத்தஞ்சுல போட்டுட்டீங்களே! குறைச்சா தாங்கும். ஏத்தறதுன்னா ஒரு நாளைக்கு லிட்டருக்கு அரை கிராம்தான் ஏத்தலாம்.”

மேஸ்திரி நடுத்தண்ணீரில் அசையாமல் நின்றது. பிறகு லேசாகச் சாய்ந்தது. மஞ்சள் வெளுத்து, பழைய காகித நிறமாகிக்கொண்டு வந்தது. செவுள் படபடவென்று அடித்தது. ஒருக்களித்தபடியே நகர்ந்து, பாறை இடுக்குக்குள் போய் மறைந்தது.

“பிடிங்களேன்! திரும்ப வாளில விடுங்க!” என்றாள் மனைவி.

“பாறையை அசைச்சா நசுங்கிடும்மா. வலையை விட்டாலும் பயத்துலயே போயிடும். தண்ணியைத்தான் மாத்தணும். எண்பது லிட்டர் எடுத்துட்டு எண்பது லிட்டர் நல்ல தண்ணி ஊத்தணும். குழாய்த் தண்ணி ஆகாது, மருந்து கலந்திருக்கும்.”

வீட்டு வடிகட்டி மணிக்கு எட்டு லிட்டர்தான் தரும். எண்பதுக்குப் பத்து மணி நேரம். அவர் அந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் மனைவி தம்பியைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் கடையில் தண்ணீர் கேன் விற்கிறான்.

அவன் வருவதற்குள் எண்பது லிட்டரை எடுத்தாக வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு மறுமுனையை வாயில் வைத்து அவரே உறிஞ்சினார். அவசரத்தில் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. கண்ணில் நீர் முட்ட, ஒரு கையால் குழாயை வாளியில் பிடித்துக்கொண்டு பாறை இடுக்கையே பார்த்தார். உள்ளே ஒரு வெளிறிய விளிம்பு தெரிந்தது. அசைகிறதா, பம்பு நீரோட்டத்தில் ஆடுகிறதா என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அளக்க எதுவும் இல்லாமல் இருந்தார்.

இருபது நிமிடத்தில் மச்சினன் நாலு கேன்களோடு வாசலில் நின்றான்.

“உள்ள வரலாமா மாமா? இல்ல, கேனை முதல்ல அளந்து பாத்துடறீங்களா?”

அவர் கண் கேனின் மேல் போனது. இருபது லிட்டர் என்று போட்டிருந்தது. தண்ணீர் கழுத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. உதடு அசைந்தது. எச்சிலை விழுங்கினார்.

“ஊத்து மாப்ளே.”

“அன்னிக்குக் கிலோவுக்கு எட்டு கிராம். இன்னிக்கு லிட்டருக்கு ஒம்பதாமே? அக்கா போன்ல சொன்னா.”

“தெரியாம...” என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“டேய், உன் வழக்கை அப்புறம் வச்சுக்க. அது உள்ள மூச்சுக்கு அல்லாடுது” என்றாள் அக்கா. மச்சினன் கேனைத் தோளில் ஏற்றினான்.

கேன் சரிய, அந்தம்மா குழலில் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது கேனில் இருபத்தெட்டு. நாலாவது முடிந்து தண்ணீர் கலந்த பிறகு இருபத்தாறு. மில்லிகிராம் என்ன நினைத்தாரோ, தன் பழைய டப்பியையும் ஒரு தடவை மொண்டு பார்த்தார். முள் மிகுந்த கம்பீரத்தோடு முப்பத்தைந்தில் நின்றது. டப்பியைக் கவிழ்த்து வைத்தார். தெரியாமல் தப்பான அளவு வைப்பது ஒரு குற்றம். தெரிந்தே வைப்பது அதைவிடப் பெரியது. இரண்டுக்கும் உள்ள சட்டப் பிரிவுகள் அவருக்கு மனப்பாடம். தன் வீட்டு வரவேற்பறையில் மூன்று சாட்சிகள் முன்னிலையில் அவர் செய்து முடித்திருந்தது இரண்டாவது.

மற்ற மீன்களை விட்டார்கள். அவை போன ஜோரில் பாறையைக் கொத்தின. மேஸ்திரி வரவில்லை. மனைவி மெஷினில் உட்கார்ந்து நூலில்லாமலே ஓட்டிப் பார்த்தாள்; வரவில்லை. விளக்கை அணைத்துப் பார்த்தார்கள். பதினொன்று ஆயிற்று, ஒன்று ஆயிற்று. மச்சினன் கடைக்குப் போகாமல் கேனின் மேலேயே உட்கார்ந்திருந்தான். யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை அவள் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

இரண்டேகால் இருக்கும். இடுக்கிலிருந்து முதலில் மூக்கு வந்தது. பிறகு வெளிறிய உடம்பு, நேராக. மேஸ்திரி பாறைப் பாசியை ஒரு கொத்துக் கொத்தியது. நின்றது. இன்னொரு கொத்து.

“வந்துடுச்சு” என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். “அடி வாங்கிட்டு எழுந்து வந்திருக்கு பாரு, நம்ம ஆளு!” என்றான் மச்சினன். அன்று முதல்முறையாக அவன் சிரித்தான்.

அந்தம்மா பையை மூடினார். “இன்னும் பதினெட்டு நாளு சார். தினமும் அரை கிராம். அவசரப்பட்டு ஏத்திடாதீங்க, அதுதான் ஆபத்து. இந்தக் குழலை வச்சுக்குங்க, அப்புறமா தாங்க.”

அவர் கைக்குட்டையை விரித்து, வெறுங்கை படாமல் குழலை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கண்ணாடியைப் பார்த்தார், திருகைப் பார்த்தார், அடியில் ஏதாவது முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார்.

“ஒண்ணும் தப்பா நினைக்காதீங்கம்மா” என்றார். “இதைக் கடைசியா எப்ப சரிபாத்தீங்க?”

அந்தம்மா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார். மச்சினன் காலிக் கேன்களைக் கைக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். மனைவி எழுந்தாள். இரண்டு கைகளையும் விரித்து, தொட்டிக்கு முதுகைக் காட்டி, அவருக்கு நேராக நின்றாள்.