அண்ணியின் மீன்வால்

போகிக்கு முந்தின நாள் பரணைக் காலி செய்துகொண்டிருந்த அண்ணி, ஓட்டை முறம், கிழிந்த பாய் இவற்றோடு தன் மீன்வாலையும் எரிக்கிற குவியலில் போட்டார். மீன்வால் என்பது எங்கள் வீட்டில் வைத்த பெயர். இரண்டு காலையும் சேர்த்து நுழைத்துக்கொள்ள ரப்பர் பாதம், அதன் கீழே முறத்தைவிட அகலமான தகடு. அதை மாட்டிக்கொண்டு நீந்தும் போட்டியில் அண்ணி மாநில சாம்பியன். எல்லாம் அண்ணனைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்கு வருவதற்கு முன்னால்.

அந்தப் போட்டியில் பல வகை உண்டு. மூச்சுக்குழலை வாயில் வைத்து நீந்துவார்கள், காற்று உருளையோடு நீந்துவார்கள், காலுக்கு ஒன்றாகத் துடுப்பு மாட்டியும் நீந்துவார்கள். அண்ணியுடையது மூச்சடக்கி ஐம்பது மீட்டர். எதிர்ச்சுவரைத் தொடும்வரை முகம் தண்ணீருக்கு மேலே வரக்கூடாது. வந்தால் ஆட்டம் செல்லாது. கல்யாணமாகி இரண்டு வருஷம் பரணில் கிடந்த மீன்வாலை அண்ணன்தான் இறக்கிக் கொடுத்தான். தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு சென்னையில் வரவிருந்தது. அண்ணி எங்கள் கழனிக் கிணற்றில் மூச்சடக்கிப் பழகுவார். நான் படியில் உட்கார்ந்து கைபேசியில் நேரம் பார்ப்பேன். அவர் அடியில் கிடக்க, மேலே எனக்கு மூச்சு முட்டும். "பயந்துட்டியா பாப்பா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வருவார். அந்த ஆறு மாதம் அவர் முகத்தில் இருந்த களையை நான் மறுபடி பார்க்கவில்லை.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது, அண்ணி சொந்தக்காரர் கல்யாணத்துக்காக அவலூர்பேட்டைக்குப் போனார். நான் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று மீன்வாலை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பளபளப்பாக இருக்கட்டும் என்று ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, மொட்டைமாடியில் மிளகாய்க்குப் பக்கத்தில் காயப்போட்டேன். சுற்றிலும் பாறை மலை. சித்திரையில் எங்கள் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். மூன்று நாள் காய்ந்தது. அண்ணி வருவதற்குள் துடைத்து எடுத்து வைத்துவிட்டேன்.

தேர்வில், குதித்து நாலு உதை உதைப்பதற்குள் ரப்பர் பாதம் தகட்டை விட்டுப் பிய்ந்துகொண்டது. அப்படியும் முகத்தைத் தூக்காமல் பாதித் தூரம் தகடு இல்லாமலே போனார். அப்புறம் தலை வெளியே வந்தது. கரையேறி உட்கார்ந்து ரப்பரை அழுத்திப் பார்த்தார். "ரெண்டு வருஷம் பரண்ல போட்டு வச்சேன் இல்ல, காஞ்சி போச்சி. ரப்பரே இப்படின்னா என் ஒடம்பு மட்டும் அப்படியேவா இருக்கும்? விட்டது விட்டதுதான் பாப்பா" என்றார். நான் தடவிய எண்ணெயும் காயவைத்த வெயிலும்தான் காரணம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். துணைக்குப் போன நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அத்தோடு அண்ணி நீச்சலை விட்டார்.

அதைவிடக் கொடுமை, அதையே பாடமாக்கி என்னைக் கரையேற்றியது. நர்ஸ் படிப்பைப் பாதியில் விடப்போனபோதும், பிள்ளை பிறந்து வேலையை விடுகிறேன் என்றபோதும், "ரெண்டு வருஷந்தானேன்னு விடாத. என் மீன்வால பாத்த இல்ல?" என்று வழிமறித்தார். இன்று விழுப்புரத்தில் என் காலில் நிற்கிறேன் என்றால் அந்தப் பேச்சால்தான். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன், வெட்கங்கெட்டவள். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

பொங்கலுக்கு வந்திருந்த நான் குவியலிலிருந்து மீன்வாலை எடுத்தேன்.

"அத இன்னாத்துக்கு எடுக்கற? பழசாயி வீணாப் போனது, போடு."

"அது பழசாவல அண்ணி" என்று ஆரம்பித்து சோப்புத்தூள், எண்ணெய், மூன்று நாள் வெயில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி என் கையிலிருந்து அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பிய்ந்த ரப்பரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப, வேற ஒண்ணு மாட்டிக்கினு நான் மறுபடியும் போயிருக்கலாமா பாப்பா?" என்று கேட்டார்.