பின்மூடியைத் திறந்த நாள்

மாலின் எஸ்கலேட்டருக்கு அடியில் இருக்கும் எங்கள் கடையை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு நாலடிகூடத் தேறாது. இந்தப் பக்கம் சாவி போடுகிற நான். அந்தப் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் லென்ஸ் அக்கா. என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனாலும் ஊருக்கே அக்கா. நாள் முழுக்க வலது கண்ணில் லென்ஸை இடுக்கி இடுக்கி, விடுமுறை நாளில்கூட அந்த வட்டம் முகத்தை விட்டுப் போகாது.

மீட்டர் கம்பெனியில் பதினோரு வருடம் திருகாணி முடுக்கியவள். ஒருநாள் கணவரின் நின்றுபோன கடிகாரத்தைப் பிரித்தாளாம். திரும்பப் பூட்ட மூன்று மாதம் ஆனதாம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. வாயைத் திறந்தால் கடிகார வரலாறுதான். வெளிநாட்டில் எங்கோ பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மலைக்கிராமத்து விவசாயிகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்சக்கரம் அறுத்த கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். "டூப்ளிகேட் ஒண்ணும் நேத்து வந்ததில்லண்ணே. இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே மட்டமான வாட்சுல பெரிய பெரிய ஆளுங்க பேரை வெட்டி வித்திருக்காங்க" என்பாள். என் மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது. விழுந்தவரைக்கும் புண்ணியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் படு கறார். சொந்தக்காரர் எதிரில் நிற்காமல் கடிகாரத்தின் பின்மூடியைத் திறக்க மாட்டாள். உள்ளே இருக்கும் மெஷினை அவரே கண்ணால் பார்க்க வேண்டும். 'என்னுடையதை எடுத்துட்டு வேற வெச்சுட்டே' என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். மாலில் ஒரு திருட்டுப் புகார் வந்தால் அன்றைக்கே கடையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவள்தான் அந்த வக்கீலிடம் கோட்டை விட்டாள். கறுப்புக் கோட்டோடு வந்தார். கழற்றி வைத்த வாட்சின் விலைக்கு எங்கள் கடை மாதிரி பத்துக் கடை போடலாம்.

"நின்னு போச்சும்மா, பாருங்க."

"சார், ரெண்டே நிமிஷம் இருங்க, திறந்து காட்டிடறேன்."

"கோர்ட்டுக்கு நேரமாச்சு, சாயங்காலம் வரேன்" என்றவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

பதினோரு மணிவரை அதைத் தொடாமல் இருந்தாள். கை சும்மா இருந்தால்தானே! அப்படி ஒரு கம்பெனியின் மெஷினைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாளாம். திறந்தாள்.

"அண்ணே... இங்க வாங்களேன்." குரலே சரியில்லை.

எட்டிப் பார்த்தேன். மொத்த மார்க்கெட்டில் சல்லிசாகக் கைநிறைய அள்ளலாம், அந்த மாதிரி மட்டமான மெஷின். கூட்டுக்குள் சரியாக உட்காராமல் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் வேறு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? வக்கீல் வாட்சைப் போய்த் திறப்பியா? உன்னோட சேர்ந்து என் பொழப்பும் போகப் போகுது!"

"திட்டுங்கண்ணே. தப்பு என் மேலதான்."

"மூடி வெச்சிடு. பார்ட் கிடைக்கலன்னு சொல்லி அனுப்பிடு."

"வேற கடைக்குப் போவாருல்ல? அங்க திறந்தா, கடைசியா கை வெச்சது யாருன்னு கேப்பாரு. நான்தானே வந்து நிக்கணும்?"

வாட்சைத் திறந்தபடியே வைத்து, மேலே கண்ணாடி மூடியைக் கவிழ்த்தாள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு. சாப்பாட்டை வாயில் வைக்கவில்லை. நானும் அன்று இரண்டு சாவியைத் தப்பாக வெட்டினேன்.

ஆறு மணிக்கு வக்கீல் வந்தார். கண்ணாடிக்குள் வாட்ச் திறந்து கிடப்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த ஃபைலை அப்படியே அதன்மேல் போட்டு மறைத்தார்.

"சார், சத்தியமா நான் மாத்தல—"

"யார்கிட்டயும் சொல்லலையேம்மா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டு ஒருவரை ஒருவர் முழித்துப் பார்த்தார்கள். எனக்குத்தான் முதலில் புரிந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சுதாம்மா வாங்கினேன். தொழில் ஆரம்பிச்சப்ப கட்சிக்காரங்க மதிக்கணுமேன்னு. எட்டு வருஷமாச்சு. இன்னிக்கும் யாராவது கையப் பாத்தா பக்குனு இருக்கும். நீங்க திறக்கும்போது எதிர்ல நிக்க தைரியம் இல்ல, அதான் ஓடிட்டேன்."

"நல்லா ஓடினீங்க போங்க! காலையிலேர்ந்து எனக்கு உசுரே இல்ல சார்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

ஒரு திருகாணி கழன்று சக்கரத்துக்குள் சிக்கியிருந்தது, அவ்வளவுதான். அவர் எதிரிலேயே எடுத்து முடுக்கினாள். ஓடியது.

வக்கீல் கிளம்பவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, வெள்ளைத் தாளில் ஏதோ எழுதினார். வாட்சைக் கொடுக்கிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவம். உள்ளே இருப்பது இன்னதென்று பார்த்து ஒப்புக்கொள்கிறேன், பின்னால் தகராறு செய்ய மாட்டேன் என்று நாலே வரி.

"இது இருந்தா உங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது. என்னோடதுலேர்ந்தே ஆரம்பிங்க" என்றார்.

பெயர், தேதி எல்லாம் மளமளவென்று நிரப்பினார். 'கடிகாரத்தின் விவரம்' என்ற இடத்தில் பேனா நின்றது. எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு, யாருக்கும் தெளிவாகத் தெரியும்படி கொட்டை எழுத்தில் 'டூப்ளிகேட்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, "அப்பாடா!" என்றார்.