பைபர் போட்ட கிட்டார்

பொருளைக் கெடுத்துக் கொடுக்கிறவரையே ஊர் ஏன் கைராசிக்காரர் என்று கொண்டாடுகிறது? திவ்யா இதைக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் மடியில் அப்போது கிட்டார் இருந்தது. கிட்டார் என்று சொல்வது பழைய பழக்கம். அதற்குள் அது முக்கால்வாசி படகாகியிருந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவில் துளசிங்கத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. பைபர் படகுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். விரிசல் விட்ட இடத்தைத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்து, மேலே ரெசின் என்கிற பிசினைப் பூசிக் காயவிட்டுக் கொடுத்தால் அந்த இடத்தில் மறுபடி தண்ணீர் ஏறாது. அதில் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் படகைத் தாண்டி அவர் கை வைக்கும்போதுதான். யார் வீட்டில் மிக்சி நின்றாலும், செல்போன் ஏரியில் விழுந்தாலும், “தோ, நம்மாண்ட குடு” என்று கையை நீட்டிவிடுவார். ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் இல்லை. காசு வாங்க மாட்டார். டீ வாங்கிக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். நாலு பேர் நடுவில் யாராவது ஒருவர் “துளசிங்கம் கை வெச்சா சும்மாவா!” என்று சொன்னால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

திவ்யா அவருடைய தங்கை லோகநாயகியின் மகள். பிளஸ் டூ முடித்துவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் விஜய் சென்னையில் தங்கியிருந்த அறையில் கூட இருந்த ஒருவர் காலி செய்தபோது, ஒரு பழைய கிட்டாரை விட்டுவிட்டுப் போனார். விஜய் அதை ஊருக்குக் கொண்டுவந்து போட்டான். திவ்யா செல்போனில் பார்த்துப் பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். விரல் நுனியில் நண்டு கிழித்த காயம் ஒரு பக்கம், கம்பி அறுத்த காயம் ஒரு பக்கம்.

பொன்னேரியில் சுபாஷ் என்பவர் கோயில் திருவிழாக்களில் பாடுகிற குழு ஒன்றை வைத்திருந்தார். திவ்யா வாசித்ததைக் கேட்டுவிட்டு, “ஆடி மாசம் பழவேற்காட்டுல கச்சேரி கீது. கிட்டார் பையன் வேலைக்குப் போய்ட்டான். நீ வர்றியாம்மா?” என்றார். நண்டுக் கூடைக்கு முன்னாலிருந்து எழுந்து போக அவளுக்கு வந்த ஒரே அழைப்பு அதுதான்.

ஆனால் கிட்டார் சரியில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சூட்டிலும் ஏரியின் உப்புக் காற்றிலும் தொங்கித் தொங்கி, அதன் மேல்பலகை நடுவில் வயிறு போல உப்பியிருந்தது. கம்பிகள் மேலே தூக்கிக்கொண்டன. எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் சுரம் விலகியது. சுபாஷ் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். “உள்ள தாங்கிக்கினு இருந்த குச்சி ஒண்ணு வுட்டுப்போச்சி. கம்பிய தளத்தி வெய்யி. சென்னையில ஒருத்தரு கீறாரு, பசை போட்டு உக்கார வெச்சிடுவாரு. நீயா எதுவும் பண்ணாத.”

வீட்டில் இதைச் சொன்னதும் லோகநாயகிக்குக் கோபம் வந்தது. “வூட்ல மாமன வெச்சிக்கினு சென்னைக்குப் போறியா? கேட்டா அவரு மூஞ்சி இன்னாத்துக்காவும்?”

அந்த ஊரில் எல்லாரும் மாமாவின் மூஞ்சியைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். கிட்டாரின் வயிற்றைப் பற்றி யார் கவலைப்படுவது?

துளசிங்கம் படகைத் தட்டுவது போலவே மேல்பலகையைத் தட்டிப் பார்த்தார். “இன்னா கண்ணு, புள்ளத்தாச்சி மாதிரி கீது?” என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டார்.

“உள்ள ஒரு குச்சி வுட்டுப்போச்சாம் மாமா. அத ஒட்டினா போதும்னு சுபாஷ் அண்ணன் சொன்னாரு.”

“எந்த சுபாஷு? மைக்க புடிச்சிக்கினு கத்துவானே, அவனா? அவனுக்கு மரத்தப் பத்தி இன்னா தெரியும்? கட்டை தண்ணி குடிச்சிக்கீது. அவ்ளோதான். வுட்டுட்டுப் போ.”

“மாமா, இதுக்கு முன்னாடி கிட்டார் ரிப்பேர் பண்ணிக்கீறீங்களா?”

“படகு பண்ணிக்கீறேனா இல்லியா? இதுக்கும் வவுறு கீது, முதுகு கீது. உள்ள காலி. சின்னப் படகுதான் இது, போ.”

அந்த நிமிடமே கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். பக்கத்தில் அம்மா பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள். திவ்யா விட்டுவிட்டு வந்தாள்.

திரும்பப் போனபோது துளசிங்கத்தின் கொட்டகை வாசலில் கிட்டார் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உப்பின இடத்தில் படகு எஞ்சினைத் தூக்கி வைத்து அமுக்கியிருந்தார். அது சும்மாவா இருக்கும்? பலகை பிளந்துவிட்டது. பிளந்தால்தான் அவருக்கு வேலை தெரியுமே! மேலே பாய் வைத்து ரெசின் பூசியிருந்தார். படகுக்கு இரண்டு பக்கமும் போடுவது அவர் வழக்கம் என்பதால், ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்ளேயும் பூசியிருந்தார். யாரோ ஒருவரின் படகுக்கு அடித்தது போக மிச்சமிருந்த நீலப் பெயிண்டையும் ஒரு கை அடித்திருந்தார்.

“இந்தப் பொந்தையும் அடைச்சிடலாம்னு பாத்தேன். அப்பறம், அழகுக்கு இருக்கட்டும்னு வுட்டுட்டேன்” என்றார். “இனிமே நீ மேல ஏறி நின்னாலும் பலகை அசையாது!”

பலகை அசைந்தால்தான் கிட்டாருக்குச் சத்தம். திவ்யா கம்பியை மீட்டினாள். ஓடத்தில் துடுப்பு இடித்தது போல ‘டொக்’ என்றது.

“சத்தம் வரல மாமா.”

“பெயிண்ட்டு இன்னும் ஈரமா கீது. காஞ்சா தானா வரும்.”

“மாமா எவ்ளோ பாடுபட்டுக்கீறாரு. நல்லதா ஒரு வார்த்தை சொல்லேன்டி” என்று கூட வந்திருந்த லோகநாயகி அவள் இடுப்பில் இடித்தாள்.

“நல்லா கீது மாமா” என்றாள் திவ்யா.

பொன்னேரியில் சுபாஷ் கிட்டாரை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “துடுப்பு எங்கம்மா?” என்றார். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும், “கச்சேரி கிட்ட வந்துடிச்சி. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று சொல்லி வேறொரு பையனுக்குப் போன் போட்டார். திவ்யா நின்றுகொண்டிருக்கும்போதே போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்துத் தெரு தேவி, வெறும் மீன் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். மடியில் இருந்ததைப் பார்த்ததும், “துளசிங்கம் வேலையா?” என்றாள்.

“எப்படிக்கா தெரியும்?”

“இதே நீலம் எங்க வூட்டு மிக்சியிலயும் கீது. அடியில ஒழுவுதுனு குடுத்தேன். ஒழுவுறது நின்னுச்சி. மிக்சியும் நின்னுச்சி.”

“அப்பவே ஏங்க்கா வெளிய சொல்லல?”

“எப்படிடி சொல்றது? மனுசன் காசு வாங்காம செஞ்சிக்கீறாரு. ஊர்ல எல்லாருக்கும் நல்லா பண்ணிக் குடுக்குறாரு, நம்ம நேரம்தான் சரியில்லனு வுட்டுட்டேன்.”

எல்லாரும் என்றால் யார்? திவ்யா வீட்டுக்குப் போனதும், மூலையில் பழைய புடவையால் மூடிக் கிடந்த அம்மாவின் தையல் மெஷினின் துணியை விலக்கினாள். சக்கரத்தோடு சேர்த்து ரெசின் உறைந்திருந்தது.

“ம்மா, தெரிஞ்சேதான் என் கிட்டார அவராண்ட குடுக்கச் சொன்னியா?”

லோகநாயகி நண்டுக் கூடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “கூடப் பொறந்த அண்ணன்டி. எங்க அண்ணனுக்குத் தெரியலன்னு என் வாயால எப்படி சொல்லுவேன்?”

காலையில் திவ்யா கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். துளசிங்கம் ஒரு படகின் அடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். மீன் ஏலத்துக்கு வந்த கூட்டம் சுற்றி நின்றது. தேவியும் நின்றாள்.

“மாமா, கச்சேரி போச்சி. திட்ட வரல. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த வேலை எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க.”

துளசிங்கம் தேய்ப்பதை நிறுத்தினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வழக்கமாக அவரைப் புகழ ஒரு குரல் வரும். அன்றைக்கு வரவில்லை.

“படகுனா எடுத்துக்கினு வாங்க” என்றார் கடைசியில். “மத்தது எல்லாம்… இப்போ எனக்கு டைம் இல்ல.”

முதலில் சிரித்தது தேவி. பிறகு கரையே சிரித்தது. அவரோ தலையைக் குனிந்துகொண்டு, தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தார்.

திவ்யாவின் கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். ஏமாந்தது தான் ஒருவர் மட்டுமே என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, கெட்ட பொருளைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். கைராசி என்பது அந்தத் துணிகளுக்கு மேலே கட்டிய பெயர். ஒரே ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அந்த ஆடி மாதம் திவ்யா மேடையில் இருந்திருப்பாள். இப்போது அவள் நண்டு பிரிக்கிறாள். நீலக் கிட்டாரை வாசலில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்கிறாள்.

நீங்களும் சொல்லுங்கள். உங்கள் தெருவிலும் யாரோ ஒருவர் கையில் ஒரு மிக்சியோடு, காசு வாங்காத ஒரு கைராசிக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். அவர் போய்ச் சேருவதற்குள் இந்தக் கதை அவரிடம் போய்ச் சேரட்டும்.