ஸுஹைல் சேரிடம் மிஞ்சிய சொல்

மாத்தளையில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஸுஹைல் சேரைத் தெரியாமல் இருக்காது. பௌதிகவியல் வாத்தியார். ஓயாத பேச்சுக்காரர். இரத்தோட்டை பஸ் பிந்தி வந்தால், அதில் வரும் பிள்ளைகளுக்காகப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

போன வருஷம் ஒரு காலையில் அவர் மாக்ஸ் பிளாங்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சக்தி தண்ணீர் மாதிரி ஒழுகுவதில்லை, பொட்டலம் பொட்டலமாகத்தான் கைமாறுகிறது என்று முதன்முதலில் சொன்ன ஜெர்மன் விஞ்ஞானி அவர்.

"கடையில அரை முட்டை தருவாங்களா? அது மாதிரித்தான்" என்று சிரித்துவிட்டு, பிளாங்க் மாறிலி, பிளாங்க் நீளம், பிளாங்க் நேரம் எனப் பலகையில் எழுதிக்கொண்டே போனார். வெண்கட்டி கையிலிருந்து விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

தேத்தண்ணி கேட்டாலும் "பிளாங்க்". தொழுகைக்குப் பள்ளிவாசலில் வாங்கு சொல்லக் கேட்டுத் தொப்பியைத் தேடும்போதும் "பிளாங்க்". மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும் என்றார் டொக்டர். அதுதான் பெரிய கொடுமை. ஒருநாள் அலுமாரியைக் காட்டி அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சாரனா? கண்ணாடியா? மருந்தா?" மனைவி மஸூதா ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். எதுவுமில்லை. கடைசியில் அவர் அழுதார். அன்று என்ன கேட்டார் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இதற்கிடையில் மகள் நஸ்மியாவின் கலியாணம் வந்தது. நிக்காஹில் மகளைக் கொடுக்கிறேன் என்று தகப்பன் தன் வாயால் சொல்ல வேண்டும். "சாச்சா சொல்லட்டும்" என்று சேரின் தம்பியைக் காட்டினார்கள் உறவினர். நஸ்மியா கேட்கவில்லை.

"வாப்பாதான் சொல்லணும். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல."

பேச்சுப் பயிற்சிக்குப் போனார்கள். வீட்டிலும் பழகினார்கள். ஒரு தடவை "மகள்" என்று தெளிவாகவே வந்தது. மஸூதா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். மறுபடி வரவில்லை.

நிக்காஹ் அன்று ஆண்கள் முன் ஹோலில் இருந்தார்கள். பெண்கள் உள்ளறையில் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஸுஹைல் சேர் மூச்சிழுப்பது கேட்டது.

"பிளாங்க்."

யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. மீண்டும் அதே சொல். மூன்றாம் தடவை குரல் உடைந்தது.

தம்புள்ளையில் மரக்கறி வியாபாரம் செய்யும் தம்பி அப்துல் ஸமத் அண்ணனிடம் மெல்லக் கேட்டார்: "நானா, நான் சொல்லவா?"



"சேர், தலைய ஆட்டுங்க, போதும். உங்களுக்காகத் தம்பி சொல்லுவார்" என்றார் மௌலவி.

அவர் தலையாட்டியது உள்ளறைக்கு எப்படிக் கேட்கும்? அப்துல் ஸமத்தின் குரல் வந்தபோதுதான் மஸூதாவுக்கு விளங்கியது. நஸ்மியா உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்திக்கு முன் அவளை வழியனுப்பினார்கள். ஸுஹைல் சேர் இடது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினார். குரல் ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் கண்டித்தது, ஓரிடத்தில் கெஞ்சியது. எல்லாம் அந்த ஒரே சொல்தான்.

"சரி வாப்பா. அப்படியே செய்றேன் வாப்பா" என்று அவள் தலையாட்டிக்கொண்டே நின்றாள்.

வேனில் ஏறியதும் ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டாள்: "உம்மா, வாப்பா என்ன சொன்னாங்க?"

"தெரியல மகள்" என்றாள் மஸூதா.