ஓடாமலே ஒயில் குடித்த வேன்

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பழைய டீசல் வேனுக்கு இரண்டு தடவை எஞ்சின் ஒயில் ஊற்றியாயிற்று. நீலப் புகை வேறு. இன்று மாத்தளை கராஜில் காட்டினேன்.

மெக்கானிக் நானா புகைக் குழாயைக் கழற்றினார். உள்ளே விரல் நுழையாத அளவுக்குக் கரி.

"மீட்டர்ல கம்மியாத்தானே ஓடியிருக்கு, நானா?"

"ஓடல தம்பி. ஸ்டார்ட்லயே மணிக்கணக்கா ஒரே எடத்துல நிப்பாட்டியிருக்காங்க. அதான் கரி புடிச்சு ஒயில் குடிக்குது."

"எதுக்கு நிப்பாட்டணும்?"

நானா வேனின் வெள்ளை நிறத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"வெள்ளை வேன்ல ஆளத் தூக்கிட்டுப் போன காலம் தம்பி. வீட்டுக்குள்ள இருக்கிற ஆளு வெளிய வரணும்ல."

வரும் வழியில், வேனை இன்னும் பார்த்திராத அக்காவின் வாசலில், எஞ்சினை நிறுத்தாமல் ஹார்ன் அடித்தேன்.

உள்ளே பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. கதவு திறக்கவில்லை.

பெயின்ட் மாற்றப் போகிறேன். யாரும் பயப்படாத நிறம் எது, சொல்லுங்கள்.