தமிழ்நிலாவின் தொண்ணூற்றொன்று

எழுதி முடித்த பரீட்சையை எழுதினோம் என்று எப்படிக் காட்டுவது? 2020 ஜூன் மாதம் முத்தம்மா, பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் மகளோடு படித்த எங்களில் ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை. மாஸ்க் போட்டிருந்தது வசதியாகப் போயிற்று. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முத்தம்மா தமிழ்நிலாவின் அம்மா. மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில் அவர்கள் வீடு. அம்மாவும் மகளும் மட்டும்தான். ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே முத்தம்மா பஜ்ஜிக் கடை போட்டிருந்தார். தமிழ்நிலா மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தாள். கணக்கில் அவளுக்கு இருந்தது ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. உயரங்களும் தூரங்களும் பாடம் நடத்திய வாரத்தில் ரயில் பாலத்துத் தூணின் நிழலை அடியடியாக அளந்து அதன் உயரத்தைக் கண்டுபிடித்துவிட்டு, சரியா என்று கேட்க ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனவள். அவர் இவளை டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்ததற்காகத் திட்டி அனுப்பினார். பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் எடுக்க வேண்டும், கணக்கைத் தொடர்ந்து படிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்த வருடம் பொதுத்தேர்வு மார்ச் 27 என்றார்கள். ஊரடங்கு வந்தது. பிறகு ஜூன் 1 என்றார்கள். அதுவும் போய் ஜூன் 15 என்றார்கள். ஒவ்வொரு தேதிக்கும் தமிழ்நிலா முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். தெரு முனையில் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். எதிர்வீட்டில் இரண்டு பேரை ஆம்புலன்சில் கூட்டிப்போனார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் வர்க்கச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சை உண்டா இல்லையா என்று எங்களிடம் நேராகச் சொல்ல ஓர் ஆள் இல்லை. எல்லாம் டிவியின் அடியில் ஓடும் எழுத்தில்தான் தெரியவந்தது.

ஜூன் 9 அன்று அந்த எழுத்து பரீட்சையே ரத்து என்றது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு எண்பது சதவீதம், வருகைக்கு இருபது. எல்லோரும் பாஸ். தெருவில் விசில் அடித்தார்கள். தமிழ்நிலா மட்டும் அழுதாள். மூன்று முறை தயாரான ஒரு பரீட்சையை எழுதாமலே விட்டதற்கான அழுகை அது. ஆனால் அடுத்த நாள் காலை கொஞ்சம் தெளிந்துவிட்டாள். அரையாண்டில் அவள் கணக்கில் தொண்ணூற்றொன்று. வருகையில் ஒரு நாள்கூடக் குறைவில்லை. முதல் குரூப் கிடைத்துவிடும்.

மூன்றாம் நாள் ஜொவிட்டா பக்கத்து வீட்டு போனுக்கு அழைத்தாள். அவள் வகுப்புத் தோழி, சாந்தோம்காரி. வீட்டில் மூன்று பேர் வாத்தியார்கள். தமிழ்நிலாவிடம் போன் கிடையாது என்பதால் வகுப்பு வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் ஜொவிட்டாதான் படித்துச் சொல்வாள்.

"ஏய், அரையாண்டு ஆன்சர் பேப்பரையெல்லாம் ஸ்கூல்ல திருப்பிக் கேக்குறாங்க. பதினஞ்சாம் தேதிக்குள்ள குடுக்கணுமாம். குடுக்கலன்னா ஆப்சென்டாம்."

ஜனவரியில் திருத்திய தாள்களை வீட்டில் கையெழுத்து வாங்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். திருப்பி வாங்க யாருக்கும் ஞாபகம் இல்லை. தமிழ்நிலா தன் கணக்குத் தாளை நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். தப்புப் போட்ட கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதற்காக.

"யம்மா, ஆரஞ்சு அட்டை நோட்டு எங்க?"

"அதா? பரீட்ச இல்லன்னு டீவிலயே சொல்லிட்டான்ல? கிழ்ச்சு பஜ்ஜி மட்சிக் குட்த்தேன்."

"உள்ள வெள்ளத்தாள் கட்டு ஒண்ணு இருந்துச்சே?"

"நல்லா மொத்தமா கீதேன்னு அத்ததான் மொதல்ல எட்த்தேன். எண்ண ஒட்டவே இல்ல."

முத்தம்மாவைக் குறை சொல்ல முடியாது. ரயில் ஓடவில்லை. வீட்டு வாசலில் அடுப்பு வைத்துப் பார்சல் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். பேப்பரில் கொரோனா ஒட்டிக்கொண்டு வரும் என்று பயந்து ஊரில் பாதி வீடுகள் நாளிதழை நிறுத்தியிருந்தன. மடித்துக் கொடுக்க ஒரு துண்டுத் தாள் அகப்படவில்லை. பரீட்சை போய்விட்டது என்று அரசாங்கமே சொன்ன பிறகு அந்த நோட்டு அவருக்குப் பழைய தாள்தான்.

மகளின் முகத்தைப் பார்த்ததும் முத்தம்மா அடுப்பை அணைத்துவிட்டு வீடு வீடாகப் போனார். "பஜ்ஜி வாங்கின பேப்பர் கீதா? ஏய், குப்பையில பாருடி, பொண்ணு படிப்பு!" கேட்டவர்கள் சிரித்தார்கள், பிறகு தேடவும் செய்தார்கள். கடைசியில் ஒரு வீட்டுச் சன்னல் ஓட்டையில் செருகியிருந்த முதல் பக்கம் கிடைத்தது. எண்ணெயில் ஊறிக் கண்ணாடி மாதிரி இருந்தது. பெயர் தெரிந்தது. சிவப்பு வட்டத்துக்குள் 91 தெரிந்தது. மற்ற பக்கங்கள் எங்கேயும் இல்லை.

மறுநாள் அம்மாவும் மகளும் அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். ஆபீஸ் கிளார்க் ரகுபதி கவரைத் தொடவே இல்லை. பேனா முனையால் நகர்த்தினார்.

"எண்ணெய்த் தாளை மேலிடத்துக்கு எப்படிம்மா அனுப்புறது? ஆன்சர் எங்க?"

"சார், மார்க் ரிஜிஸ்டர்ல இருக்கு. ரேங்க் கார்டுலயும் இருக்கு" என்றாள் தமிழ்நிலா.

"இருக்கு. யார் இல்லன்னா? பேப்பர் இல்லையே."

கணக்கு டீச்சர் ரெனிட்டா மிஸ் அங்கேதான் இருந்தார். "நான்தான் சார் திருத்தினேன். தொண்ணூத்தி ஒண்ணுதான். எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

"உங்க ஞாபகத்த கவர்ல போட்டு அனுப்ப முடியுமா மேடம்?"

அப்போதுதான் முத்தம்மா கேட்டார். "எழுதுனவ இங்க நிக்கிறா. திருத்துனவங்க இங்க நிக்கிறாங்க. மார்க்கு உன் புக்குல கீது. அப்பால எழுதுனான்னு காட்ட இன்னாதான் நைனா பண்ணணும்?"

ரகுபதி அடுத்த தாளை வாங்கக் கை நீட்டினார். தாள் கொடுக்க வந்த நாங்கள் வரிசையில் நகர்ந்தோம். முத்தம்மா படி இறங்கிய பிறகு ரகுபதி தமிழ்நிலாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு லைப்ரரிக்கு வந்துடு. நீலப் பேனா கொண்டா. யார்கிட்டயும் சொல்லாத."

லைப்ரரியில் தமிழ்நிலாவோடு சேர்த்துப் பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் வெள்ளைத்தாள், அரையாண்டு கேள்வித்தாளின் ஜெராக்ஸ். பக்கத்திலேயே பாடப்புத்தகம் திறந்து கிடந்தது. போர்டில் 2019 டிசம்பர் மாதத் தேதி எழுதியிருந்தது. அந்தத் தேதியைப் போட்டு எழுத வேண்டும். ரெனிட்டா மிஸ் மூலையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜொவிட்டாவும் இருந்தாள்.

"உன் பேப்பர் வீட்ல பத்திரமா இருக்குன்னியே?" என்றாள் தமிழ்நிலா.

"இருக்கு. அறுபத்திரெண்டு மார்க்கோட பத்திரமா இருக்கு." ஜொவிட்டா குரலைத் தாழ்த்தினாள். "இங்க பேப்பர் தொலைச்சவங்க நாலு பேர்தான்டி. மீதிப் பேரு மார்க்கத் தொலைச்சவங்க. ஸ்கூலுக்கும் நல்ல ரிசல்ட் வேணுமாம்."

"ரிஜிஸ்டர்ல அறுபத்திரெண்டுன்னு இருக்குமே?"

"அதையும் புதுசா எழுதுறாங்களாம்."

தமிழ்நிலா பேனாவை மேஜையில் வைத்தாள். நேற்று அந்த ரிஜிஸ்டரில் இருந்த தொண்ணூற்றொன்றைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். இன்று அதே ரிஜிஸ்டரை ஏழு பேருக்காகத் திருத்தி எழுதுகிறார்கள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். போனால் ஆப்சென்ட். தான் நிஜமாக எழுதிய பரீட்சையைக் காப்பாற்ற இந்தப் பொய்ப் பரீட்சையை எழுதியாக வேண்டும். பேனா மூடியைக் கடித்துத் துப்பிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தாள். டிசம்பரில் எழுதியபடியே வரிசையாக எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு மார்க் கேள்வி ஒன்றில் அன்று தப்பான விடையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சரியான விடை இன்று தெரியும். தப்பானதையே எழுதினாள். கலங்கரை விளக்கத்திலிருந்து படகைப் பார்க்கும் கணக்கில் அன்று இறக்கக் கோணத்தைத் தப்பான பக்கத்தில் குறித்து மூன்று மார்க் போயிருந்தது. அந்தக் கணக்கை அதற்குப் பிறகு இருபது முறையாவது சரியாகப் போட்டிருப்பாள். கை சரியான பக்கத்துக்கே போயிற்று. இழுத்துப் பிடித்துத் தப்பான பக்கத்தில் கோடு போட்டாள். ஓர் ஐந்து மார்க் கணக்கை அன்று நேரம் இல்லாமல் விட்டிருந்தாள். இன்று நேரம் எக்கச்சக்கமாக இருந்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். நூற்றில் ஒன்பது போயிற்று.

ரெனிட்டா மிஸ் அவள் தாளைத் திருத்தும்போது வெறும் இடத்தில் வந்து நின்றார். அன்று முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இது உனக்குத் தெரியுமே, தமிழ். போன மாசம்கூடப் பக்கத்து வீட்டு போன்ல கேட்டேன், சொன்னியே?"

"அன்னிக்குத் தெரியாது மிஸ்."

"எல்லாரும் இன்னிக்குத் தெரிஞ்சததான் எழுதுறாங்க."

"அவங்க எழுதட்டும் மிஸ். என் மார்க் எவ்ளோன்னு உங்களுக்குத் தெரியும்."

மிஸ் தொண்ணூற்றொன்று போட்டு வட்டம் போட்டார். மற்றவர்கள் மார்க் ஏறினால் தொண்ணூற்றொன்று போதாது என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. கூட்டிக் கழித்துக் கணக்கில் தமிழ்நிலாவுக்குத் தொண்ணூறு. முத்தம்மா தெருவுக்கே கேசரி கிண்டினார். இரண்டு வாரம் கழித்துப் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போனபோது அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. முதல் குரூப்: கணக்கில் தொண்ணூற்றிரண்டும் அதற்கு மேலும். ஜொவிட்டா பெயர் இருந்தது. லைப்ரரியில் உட்கார்ந்த மற்ற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெயர் இருந்தது. தமிழ்நிலா பெயர் மூன்றாவது குரூப்பில், கணக்கே இல்லாத குரூப்பில் இருந்தது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேராக எச்.எம். அறைக்குப் போனாள்.

"இந்த வருஷம் எல்லாருமே நல்ல மார்க் வாங்கியிருக்காங்கம்மா. சீட் அவ்ளோதான்" என்றார் எச்.எம்.

"அவங்க எப்படி வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். நானும் அங்க இருந்தேன்."

எச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருந்தே இல்ல? நீயும் போன டிசம்பர் தேதி போட்டுத்தானே எழுதின? வெளில சொன்னா முதல்ல யார் மார்க் போகும், யோசிச்சியா?"

இதற்குத்தான் அவளையும் அந்த அறையில் உட்காரவைத்தார்கள் என்பது தமிழ்நிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தப்பை மெனக்கெட்டுத் தப்பாகவே எழுதிய பெண்ணும், அறுபத்திரண்டைத் தொண்ணூற்றைந்தாக்கிய பெண்ணும் இவர்கள் கணக்கில் ஒன்றுதான்.

முத்தம்மா மேஜைக்குக் குறுக்கே குனிந்தார். "மேடம், நான் தெரியாம கிழ்ச்சேன். நீங்கோ தெரிஞ்சே எழுத வெச்சீங்கோ. பட்ச்சவங்க நீங்கோ, இத்த செஞ்சீங்கோ. எம்பொண்ண இன்னாத்துக்கு மெரட்டுறீங்கோ?"

"கத்தாதீங்க. இது ஸ்கூல்."

"ஸ்கூலா? அஞ்சு மாசமா பூட்டி வெச்சுக்கினு உள்ள இத்ததான் பண்ணிக்கினு இருந்தீங்களா?"

எச்.எம். இரண்டு தாளை மேஜை மேல் வைத்தார். ஒன்று மூன்றாவது குரூப்பில் சேரும் படிவம். இன்னொன்று டி.சி. கேட்டு எழுதும் கடிதம். தமிழ்நிலா இரண்டாவதை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அம்மாவிடம்கூடக் கேட்கவில்லை. ஏழு வருடம் படித்த பள்ளி. வெளியே வரும்போது ரெனிட்டா மிஸ் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். அவள் வணக்கம் சொல்லவில்லை.

அடையாறில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தொண்ணூறுக்கு முதல் குரூப் கொடுத்தார்கள். பிப்ரவரி வரை பள்ளி திறக்கவில்லை. போன் இல்லாதவளுக்குக் கல்வித் தொலைக்காட்சிதான் வகுப்பு. கேபிள் போனால் வகுப்பும் போயிற்று. வகைக்கெழுவை அவள் டிவி பார்த்துக் கற்றுக்கொண்டாள், எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லாமல். பதினொன்றாம் வகுப்புக்கும் பரீட்சை இல்லை, எல்லோரும் பாஸ். 2022 மே மாதம்தான் ஒரு நிஜமான பொதுத்தேர்வு எழுதினாள். அதில் எத்தனை வாங்கினாள் என்று இங்கே எழுத அவள் விடவில்லை. "மார்க்கப் போட்டா, படிக்கிறவங்க அதப் பாத்து சமாதானமாயிடுவாங்க. யாரும் சமாதானமாக வேணாம்" என்றாள்.

முதல் குரூப்பில் சேர்ந்த ஜொவிட்டா இரண்டு மாதத்தில் கணக்கு வராமல் குரூப் மாறினாள். அவள் விட்ட இடம் காலியாகவே கிடந்தது. தமிழ்நிலாவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

அந்த ஜூன் மாதம் பூட்டிய பள்ளிக்கூடங்களுக்குள் உட்கார்ந்து போன வருடத்துத் தேதியைப் போட்டு எழுதியவர்கள் இதைப் படிக்கக்கூடும். எழுத வைத்தவர்களும் படிக்கக்கூடும். தமிழ்நிலாவுக்கு இப்போது உங்களிடமிருந்து எதுவும் வேண்டாம். ஆனால் இது எங்களோடு முடிந்துபோகக் கூடாது. அந்த வருடம் பத்தாம் வகுப்பில் இருந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அல்லது இன்று ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் யாரையாவது தெரிந்திருந்தால், இதை அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் படித்து முடித்த பிறகு இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.