இமயமலைக்கு முன்னால் எருமப்பட்டி: மூன்று நாட்டு பைக் பயணத்துக்குத் தயாரான கதை

இன்னும் பத்தொன்பது நாளில் கிளம்புகிறோம். நவம்பர் முதல் வாரம், நாமக்கல்லிலிருந்து மூன்று பைக்குகளில் நாலு பேர். நாக்பூர், வாரணாசி வழியாகச் சோனௌலியில் நேபாள எல்லை, அங்கிருந்து பொக்காரா, காத்மாண்டு, பிறகு கிழக்கே இறங்கி சிலிகுரி, பூடானில் திம்பு, பாரோ. போய்த் திரும்ப 34 நாள், எங்கள் கணக்கில் சுமார் 6,400 கிலோமீட்டர். போய் வந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என்னென்ன தயார் செய்தீர்கள் என்று கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். தயாரிப்பிலேயே சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று நடந்தும் விட்டது.

முதலில் ஆட்கள். நான் சேலம், வயது 46, வண்டி ஓட்டுகிற மூவரில் ஒரே பெண், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பைக்கில் விழுந்து எலும்பு முறிந்து வருகிறவர்களைத் தினமும் படம் எடுத்தும் உனக்குப் பயம் வரவில்லையா என்பார்கள். வரவில்லை, நல்ல கையுறை வாங்கினேன். அடுத்து குமரேசன், 38 வயது, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் மூன்று பைக்குக்கும் பெட்டி மாட்டும் கம்பிச் சட்டங்களை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். மூன்றாவது பழனிச்சாமி அண்ணன், 55 வயது, எருமப்பட்டிக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை. அவர் பைக்கின் பின் சீட்டில் அவர் மனைவி தேவகி அக்கா. இந்தப் பயணமே பழனிச்சாமி அண்ணனின் யோசனை. ஆறு வருடமாக வரைபடத்தை மடக்கி மடக்கி அதன் மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது.

காகித வேலை நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். இந்தியர்களுக்கு இரண்டு நாட்டுக்கும் விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நேபாள எல்லையில் வண்டிக்கு நாள் கணக்கில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பூடானில் ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனி அனுமதி, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. தொகை அடிக்கடி மாறுகிறது, கிளம்பும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பலர் மறப்பது காப்பீடு. நம் பாலிசியை நேபாளம், பூடானுக்கும் செல்லும்படி நீட்டித்துத் தருவார்கள், நாமாகத்தான் கேட்க வேண்டும்.

ஹெல்மெட்டுக்குள் மாட்டும் பேசும் கருவி நாலு வாங்கினோம், ஒன்று 6,200 ரூபாய். மூன்று வண்டியும் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் பிரிந்துவிடாமல் இருக்க இதுதான் வழி. வாங்கிய நாளிலிருந்து அதில் நாங்கள் அதிகம் கேட்டது தேவகி அக்காவின் குரலைத்தான். வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். "ஏனுங்க மாமா, அந்தக் காட்டுல மஞ்ச போட்ருக்காங்க பாருங்க. போன வருசம் அங்க வெங்காயமுங்க. அந்த ஊட்டுக்குப் பெயிண்டு அடிச்சிட்டாங்க பாருங்க." அண்ணன் "ம்" என்பார். "ம் இல்லீங்க, என்ன கலருன்னு சொல்லுங்க" என்பார் அக்கா. எனக்கும் குமரேசனுக்கும் சிரிப்பு வரும். குமரேசன் சில நேரம் கருவியை அணைத்தே வைத்துவிடுவார்.

கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை ஓட்டம் வேண்டும் என்பது பழனிச்சாமி அண்ணன் போட்ட விதி. முழுச் சுமையோடு ஒரே நாளில் 312 கிலோமீட்டர். நாமக்கல், கொல்லிமலை செம்மேடு, திரும்ப இறங்கி சேந்தமங்கலம், எருமப்பட்டி, துறையூர், தம்மம்பட்டி, ஆத்தூர், சேலம், ராசிபுரம், மறுபடி நாமக்கல் என்று ஒரு வட்டம். முடிக்க முடியாதவர் பயணத்துக்கு வரக்கூடாது. யாராக இருந்தாலும் சரி என்று வாட்ஸப் குழுவில் எழுதி, அதற்குக் கீழே எல்லோரையும் சம்மதம் போடச் சொன்னார். அப்போது நாங்கள் கிளம்ப வைத்திருந்த தேதி செப்டம்பர் 25.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு. சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் பதிலாகச் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டு வந்ததால் எனக்குக் காலை முழுக்கக் கிடைத்தது. சேலத்திலிருந்து 5.10க்குக் கிளம்பி 6.20க்கு நாமக்கல்லில் மற்றவர்களைப் பிடித்தேன். காரவள்ளியில் மலைப்பாதை தொடங்கும்போது மணி 7.25. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நான் பயந்தது இந்த இடத்துக்குத்தான், ஏனென்றால் பெட்டிகளோடு என் வண்டி 230 கிலோவைத் தொட்டது. ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் முன்னால் போய் ஒவ்வொரு வளைவிலும் "லாரி வருது, நில்லுங்க", "காலி, வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். அவரைப் போல மலையில் நிதானமாக ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. செம்மேட்டில் மிளகு போட்ட முட்டைத் தோசை சாப்பிட்டு, பதினொன்றரைக்கெல்லாம் கீழே இறங்கிவிட்டோம்.

சேந்தமங்கலத்தில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு, 110 ரூபாய். அங்கே ஒரு மாற்றம் செய்தோம். வழியில் ஒரு வண்டி பழுதானால் யார் பின்னால் யார் உட்காருவது என்று பழகிப் பார்க்க வேண்டும் என்றேன். தேவகி அக்காவை என் வண்டியில் ஏறச் சொன்னேன். அவர் உடனே ஏறவில்லை. "நானு மாமா கூடவே வாரனுங்களே" என்றார். நான்தான் வற்புறுத்தினேன்.

எருமப்பட்டியைத் தாண்டி நாலு கிலோமீட்டர். மணி 2.20. மேடு பள்ளம் இல்லாத, வளைவும் இல்லாத ரோடு. இரண்டு பக்கமும் மக்காச்சோளம். அண்ணன் முன்னால், அறுபது மீட்டர் பின்னால் நான், எனக்குப் பின்னால் குமரேசன். வேகம் 55. காலை முழுக்கப் பேசியதில் அண்ணனின் ஹெல்மெட் கருவி சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. அண்ணன் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. ஏதோ கடையைப் பார்த்து நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் என் தோளில் பலமாக ஓர் அடி விழுந்தது.

"அம்மிணி, ஹாரன் அடிங்க! ஹாரன் அடிங்க! மாமா... மாமா!"

நான் ஹாரனை அழுத்துவதற்குள் வண்டி தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, சோளக்காட்டுக்குள் பத்தடி போய்ச் சாய்ந்தது. நாங்கள் ஓடிப் போவதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நாய் குறுக்க வந்துருச்சுங்க" என்றார்.

குமரேசன் நாயைத் திட்டினார். நான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். நாயும் இல்லை, பிரேக் பிடித்த தடமும் இல்லை. பின் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. தேவகி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டத்தை அத்தோடு நிறுத்தித் திரும்பினோம். மறுநாள் காலை மணிக்கட்டைப் படம் எடுக்க எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்ததால் கேட்டுவிட்டேன்.

"அண்ணா, நாய் இல்ல. நீங்க தூங்கிட்டீங்க."

"ஆரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் பின்னால வந்தேன்."

"முப்பத்தஞ்சு வருசமா வண்டி ஓட்டறனுங்க அம்மிணி. தூங்கறவன் எழுவது வளைவு ஏறுவானுங்களா?" என்று எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். என்னிடம் அவர் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

படத்தை வாங்க வந்த தேவகி அக்கா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "ரெண்டு வருசமா இப்படித்தானுங்க. ராத்திரி கொறட்ட உடுவாரு, அப்புறம் மூச்சே நின்னு போயிரும். நான் உலுக்கி எழுப்புவேன். பகல்ல எங்க உக்காந்தாலும் கண்ணு சொருகிரும். அதனாலதான் வண்டில ஏறுனா வாய் ஓயாம பேசறது. நீங்கல்லாம் சிரிப்பீங்க, எனக்குத் தெரியுமுங்க."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அந்தக் கோழிகளப் பாத்துக்கிட்டு ஊட்டுலயே கெடப்பாரு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசம், ரெண்டு நாள் சேந்தாப்புல நாங்க வெளிய போனதில்லீங்க. பூடான் வரைக்கும் பேசிக்கிட்டே போயர்லாம்னு நெனச்சேன்."

சோதனை ஓட்டத்தில் எல்லோருடைய டயரையும் செயினையும் பார்த்தவள் நான். மாதக்கணக்கில் காதுக்குள்ளேயே கேட்ட குரலை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அன்று நாள் முழுவதும் எனக்கு அதுதான் உறுத்தியது.

புதன்கிழமை மாலை குமரேசனின் பட்டறையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். பாதி கட்டிய லாரி ஒன்றின் பலகைமேல் தேநீர் டம்ளர்கள். அண்ணனை வைத்துக்கொண்டே நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் மறுக்க வாயெடுத்தபோது தேவகி அக்கா, "போதுமுங்க மாமா. எனக்குப் பேசிப் பேசித் தொண்ட வலிக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பேச்சு எதற்காக என்பது அவருக்கும் அதுவரை தெரியாது.

குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டு, "விதி எல்லாருக்கும்தானுங்கண்ணா" என்றார்.

"நான் போட்டதுதான சாமி. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார் அண்ணன். வரைபடத்தை எடுத்து குமரேசன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

குமரேசன் அதைத் தொடவில்லை. முடிவை நான்தான் சொன்னேன்: முதலில் டாக்டர், பிறகு தேதி. அவர் சரியானால் நாலு பேரும் போவது. இல்லையென்றால் அப்போது அவரே எங்களை அனுப்பி வைப்பது. எனக்குக் கிடைத்த நாற்பது நாள் விடுப்பை ரத்து செய்து மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. குமரேசன் ஆயுத பூஜைக்குப் பிறகு தருவதாகச் சொன்ன இரண்டு லாரிகளை முன்னதாகவே முடித்துக் கொடுக்க ஒத்துக்கொண்டார்.

சேலத்தில் தூக்கப் பரிசோதனைக்கு 8,500 ரூபாய் ஆனது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிற நோய்தான் அது. மூச்சு நிற்கும்போதெல்லாம் தன்னை அறியாமலே விழித்துக்கொள்கிறார், பகலில் உடம்பு அந்தத் தூக்கத்தைக் கேட்கிறது. மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றை அழுத்தித் தரும் ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். ஆறு வாரம் தினமும் அதோடு தூங்க வேண்டும், அதுவரை வண்டியைத் தொடக்கூடாது, கருவியில் பதிவாகும் கணக்கைப் பார்த்துத்தான் ஓட்டலாமா என்று சொல்வேன் என்றார் டாக்டர். முதல் வாரம் அண்ணன் குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. பன்னிரண்டாம் நாள் எனக்குப் போன் செய்தார். "அம்மிணி, நேத்து மத்தியானம் சோறு தின்னுபோட்டு பேப்பர் முச்சூடும் படிச்சனுங்க. கடைசிப் பக்கம் வரைக்கும்." அன்றைக்கு நான் செய்தது தவறில்லை என்று எனக்கு நிம்மதி வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இதைப் படித்துவிட்டுக் கிளம்பப் போகிறவர்களுக்கு, எங்கள் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவை இவை. இந்தக் கருவி எடுத்துப் போகிறவர்கள் டாக்டர் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், எல்லையில் பெட்டியைத் திறந்தால் காட்டலாம். மலை ஊர்களில் கரண்ட் போகும் என்பதால் தனி பேட்டரி ஒன்று வாங்கினோம். முழுதாக ஏற்றினால் ஓர் இரவு தாங்குகிறது. குமரேசன் உள்ளே ரப்பர் வைத்து அதற்கு அலுமினியப் பெட்டி செய்துவிட்டார், குலுங்காது. தேதி தள்ளியதால் பூடானில் குளிர் கூடியிருக்கும், உள்ளே போடும் கம்பளிச் சட்டை ஆளுக்கு இரண்டு. சோதனை ஓட்டத்தை மலையோடு முடிக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு நேர் ரோட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முடிந்ததும், ஓட்டியவரைக் கேட்பதற்கு முன் பின்னால் உட்கார்ந்து வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, அதே 312 கிலோமீட்டரை மறுபடி ஓட்டினோம். மலையில் தூறல், அதனால் இறங்க இருபது நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. சாப்பாட்டுக்குப் பிறகும் தேவகி அக்கா அண்ணன் வண்டியிலேயே இருந்தார். எருமப்பட்டியைத் தாண்டியதும் என் விரல் தானாக ஹாரன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணன் வண்டி கோடு போட்டாற்போல் போனது. அந்தச் சோளக்காடு வந்தது, போனது. ஹெல்மெட் கருவியில் பேச்சே இல்லை.

துறையூரைத் தாண்டியபோது அண்ணனின் குரல், மிக மெதுவாக. "அம்மிணி, குமரேசா, நான் ஓரங்கட்டறனுங்க. இவ தூங்கிட்டா."

சரியான முடிவு. பின்னால் இருப்பவர் தூங்கினால் உடனே நிறுத்த வேண்டும். ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். தேவகி அக்காவின் ஹெல்மெட் அண்ணன் முதுகில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பலாமா என்று சைகையில் கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டு காலையும் அகலமாக ஊன்றி, மொத்தச் சுமையையும் தாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். குமரேசன் போய் வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், நான் மறுபக்கம். 3.35லிருந்து 4.05 வரை அப்படியே நின்றோம்.

மாலை 7.15க்கு நான் சேலத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், காலையில் அங்கிருந்து கிளம்பியதால் என் வட்டம் அதோடு முடிந்தது. எட்டரை மணிக்கு அண்ணனும் குமரேசனும் நாமக்கல்லில் வட்டத்தை முடித்துவிட்டுக் குழுவில் எழுதினார்கள். நாலு பேரும் தேர்ச்சி.